மடியிலிருந்து இருக்கைக்கு: குழந்தைகளுக்கான கார் இருக்கையின் வரலாறும் படவேட்டுப் பயணமும்

காரில் செல்லும் கைக்குழந்தையையும் சிறு குழந்தையையும் பட்டைகளால் பிணைத்து, மோதலின்போது தூக்கி எறியப்படாமல் காப்பதற்கென வடிவமைக்கப்பட்ட தனி இருக்கையே குழந்தைகளுக்கான கார் இருக்கை ஆகும். பேச்சு வழக்கில் இதனை 'பேபி கார் சீட்' என்பர். இந்தியச் சட்டம் இதனைக் குழந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு என்ற பொதுப்பெயரால் குறிக்கிறது. கார் தோன்றிப் பல பத்தாண்டுகள் கழித்தே இவ்விருக்கை ஒரு பாதுகாப்புக் கருவியாக உருப்பெற்றது. அதுவரை குழந்தையின் இடம் தாயின் மடிதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இன்றும் அதுவே. மடி ஏன் போதாது என்பதை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றையும், அந்த அறிவு நம் ஊர்ப் பயணங்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

படவேடும் குழந்தையின் முதல் நெடும்பயணமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் படவேடு. 'படைவீடு' என்ற பெயரே படவேடு என மருவியது. சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூர், பதினான்காம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பின் விசயநகர ஆட்சியின்கீழ் வந்தது. இன்று இவ்வூரின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு செல்வது ரேணுகாம்பாள் கோயில்.

வட தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு ரேணுகாம்பாள் குலதெய்வம். குழந்தை பிறந்தால் முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் குலதெய்வத்தின் சன்னதியில் என்பது வழக்கம். ஆகவே வேலூர், சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் வாழும் குடும்பங்கள் பல, ஒரு வயது நிரம்பியும் நிரம்பாத குழந்தையோடு படவேட்டுக்கு வருகின்றன. ஆடி மாதத்தில் கூட்டம் மிகுதி. வேலூர்ப் பக்கமிருந்து வருவோர் கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாக வருவர். போளூர்ப் பக்கமிருந்து வருவோரும் சந்தவாசலில் திரும்புவர். பல குழந்தைகளுக்கு, பிறந்த மருத்துவமனையிலிருந்து வீடு வந்ததற்குப் பின் அமையும் முதல் நெடும்பயணமே இதுதான்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் அமர்கிறது. அந்த மடி உறவின் அடையாளம், அச்சம் தீர்க்கும் இடம். அதே குழந்தை, வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் அம்மா அல்லது பாட்டியின் மடியில் அமர்ந்தே காரில் பயணிக்கிறது. நின்ற இடத்தில் காப்பாற்றும் மடி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியில் காப்பாற்றுமா என்பதே கேள்வி.

மடி ஏன் போதாது

ஓடும் காரில் இருப்பவர் அனைவரும் காரின் வேகத்திலேயே நகர்கின்றனர். கார் எதன் மீதேனும் மோதி நின்றாலும் உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்ல முயல்கிறது. பள்ளி இயற்பியலில் நாம் படிக்கும் நிலைமம் இதுவே.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். இந்த வேகம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுழியமாகிறது எனக் கொண்டால், 8 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 1,100 நியூட்டன் விசை தேவை. இது 110 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குவதற்குச் சமம். அதாவது 75 கிலோ அரிசி மூட்டை ஒன்றரையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கைகளால் தடுத்து நிறுத்த வேண்டும். எத்தனை வலிமையான தாயாலும், தகப்பனாலும் இது இயலாது. பிடித்திருப்பவர் சீட் பெல்ட் அணியாதிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: குழந்தை அவருடைய உடலுக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே நசுங்கும். ஒரே பெல்ட்டைத் தாயும் மடியிலிருக்கும் குழந்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் இதே ஆபத்தை உண்டாக்கும்.

இதே வேகத்தை வேறு விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரே.

குழந்தையின் உடலமைப்பும் பெரியவர்களின் உடலமைப்பைச் சுருக்கி வைத்தது போன்றதன்று. பிறந்த குழந்தையின் தலை அதன் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்துத் தசைகள் வலுப்பெற்றிருக்கா. கழுத்தெலும்புகள் முழுமையாக இறுகியிருக்கா. முன்னோக்கி அமர்ந்த கைக்குழந்தையின் உடலைப் பட்டை பிடித்து நிறுத்தினாலும், கனமான தலை முன்னே பாய்ந்து கழுத்தை இழுக்கும். பெரியவர்களுக்கான சீட் பெல்ட்டோ குழந்தையின் கழுத்தையும் வயிற்றையும் அறுக்கும் இடத்தில் அமைகிறது.

இருக்கை பிறந்த கதை

1930களில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான கார் இருக்கைகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் நோக்கம் பாதுகாப்பு அன்று. குழந்தையைச் சற்று உயர்த்தி அமர்த்தி, சன்னல் வழியே வேடிக்கை பார்க்கச் செய்வதும், ஓட்டுபவரைத் தொந்தரவு செய்யாமல் ஓரிடத்தில் இருத்துவதுமே நோக்கம். இருக்கையின் முதுகில் கொக்கிகளால் மாட்டப்பட்ட அவை மோதலில் எவ்விதக் காப்பும் தரவில்லை.

1959ஆம் ஆண்டு சுவீடனின் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். பெரியவர்களுக்குக் காப்பு கிடைத்தது. குழந்தைகளுக்கான விடை 1962இல் இரு நாடுகளில் தனித்தனியே தோன்றியது. பிரிட்டனின் ஜீன் ஏம்ஸ், கவட்டை வடிவப் பட்டை கொண்ட, பின்னோக்கி அமரும் இருக்கையை வடிவமைத்தார். அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த லியோனார்ட் ரிவ்கின், உலோகச் சட்டகம் கொண்ட, முன்னோக்கி அமரும் இருக்கையை வடிவமைத்தார்.

இவ்வரலாற்றில் மிக அழகான திருப்பம் விண்வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்த நிலையில் படுத்திருந்தனர். ஏவுதலின்போது எழும் பெரும் விசை அவர்களுடைய முதுகு முழுவதும் பரவியதால் உடல் அதைத் தாங்கியது. சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் இதைக் கண்டு, குழந்தையைக் காரின் பின்புறம் பார்த்தபடி அமர்த்தினால் மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு மூன்றிலும் ஒருசேரப் பரவும் என உணர்ந்தார். 1960களின் நடுவில் அவருடைய மாதிரி இருக்கை சோதிக்கப்பட்டது. சுவீடனில் பின்னோக்கிய இருக்கை ஒரு பண்பாடாகவே வேரூன்றியது. அங்கு நான்கு வயது வரை குழந்தைகளைப் பின்னோக்கி அமர்த்தும் பழக்கம் உள்ளது.

சட்டத்தில் புகுந்த மடி

கருவி தோன்றிய பிறகும் மக்கள் அதைப் பயன்படுத்தவில்லை. 1971இல் அமெரிக்கா முதல் தரநிலையை நடைமுறைப்படுத்தியது. அதில் மோதல் சோதனை கட்டாயமாக்கப்படவில்லை. அது கட்டாயமானது 1981இல்தான்.

டென்னசி மாநிலத்தின் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ், விபத்தில் இறக்கும் குழந்தைகளைக் காப்பதற்கு இருக்கையைச் சட்டமாக்குவதே வழி என வாதாடினார். அவருடைய முயற்சியால் 1977இல் நிறைவேறிய சட்டம் 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளுக்குக் கார் இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் டென்னசியே.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு விதிவிலக்கு நுழைக்கப்பட்டிருந்தது. பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தால் இருக்கை தேவையில்லை என்பதே அது. தாயின் கையைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்ற உணர்வு அறிவியலை வென்றது. அந்த விதிவிலக்கு 1981இல் நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை இயற்றின. மடியின் மீதான நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. எல்லாச் சமூகங்களும் அந்த நம்பிக்கையைக் கடந்தே வந்திருக்கின்றன.

பலன் அளவிடத்தக்கது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் கணிப்பின்படி, கார்களில் முறையாகப் பயன்படுத்தப்படும் இருக்கை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு வாய்ப்பை 71 விழுக்காடும், 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் இறப்பு வாய்ப்பை 54 விழுக்காடும் குறைக்கிறது.

இந்தியாவில் சட்டம்

இந்தியக் கார்களில் முன்னிருக்கை சீட் பெல்ட் 1990களிலும், பின்னிருக்கை சீட் பெல்ட் 2002இலும் கட்டாயமாயின. குழந்தைகளைப் பற்றிய தெளிவான விதி வருவதற்கு மேலும் 17 ஆண்டுகள் ஆயின. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 194பி என்ற பிரிவைச் சேர்த்தது. 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட் அல்லது குழந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பால் பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது அப்பிரிவு. 2019 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

இருசக்கர வாகனங்களுக்கான விதி 2022 பிப்ரவரி 15 அன்று அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. இதன்படி 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புக் கச்சை வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்தக் கச்சை 30 கிலோ எடை வரை தாங்க வேண்டும்.

2023 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 'பாரத் என்கேப்' மதிப்பீட்டுத் திட்டம், கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரங்கள் வழங்குகிறது. 18 மாதக் குழந்தை, 3 வயதுக் குழந்தை ஆகியோரின் அளவுள்ள பொம்மைகளை இருக்கைகளில் வைத்துச் சோதிப்பதால், குழந்தைப் பாதுகாப்புக்கு மட்டும் 49 மதிப்பெண்கள் தனியே உள்ளன. மோதல் சோதனைக்கு 24, குழந்தை இருக்கையைப் பொருத்தும் எளிமைக்கு 12, காரில் உள்ள வசதிகளுக்கு 13. புதிதாகக் கார் வாங்கும் பெற்றோர் பெரியவர்களுக்கான நட்சத்திரத்தோடு நின்றுவிடாமல் இந்த மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும்.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு அரசின் கணக்கே சான்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 18 வயதுக்குட்பட்டோர் 9,528 பேர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் வகித்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்தனர்.

இருக்கையைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவில் குழந்தை இருக்கைகளுக்கான தரநிலை ஏ.ஐ.எஸ். 072. ஐரோப்பிய இருக்கைகள் ஐ.நா.வின் 44ஆம் ஒழுங்குவிதியையோ, 2013இல் வந்த 129ஆம் ஒழுங்குவிதியையோ பின்பற்றும். பின்னதற்கு 'ஐ-சைஸ்' என்ற பெயரும் உண்டு. இவற்றுள் ஒன்றின் ஒப்புதல் முத்திரை இருக்கையில் ஒட்டப்பட்டுள்ளதா எனப் பார்ப்பதே முதல் வேலை. முத்திரையற்ற மெத்தை வடிவப் பொருள்கள் மலிவாகக் கிடைப்பினும் அவை பாதுகாப்பு இருக்கைகள் அல்ல.

44ஆம் ஒழுங்குவிதி குழந்தையின் எடையைக் கொண்டு இருக்கைகளை இவ்வாறு வகுக்கிறது:

- தொகுதி 0: 10 கிலோ வரை
- தொகுதி 0+: 13 கிலோ வரை, பின்னோக்கியது
- தொகுதி 1: 9 முதல் 18 கிலோ வரை
- தொகுதி 2: 15 முதல் 25 கிலோ வரை
- தொகுதி 3: 22 முதல் 36 கிலோ வரை, காரின் பெல்ட்டைச் சரியான இடத்தில் அமர்த்தும் உயர்த்தி இருக்கை

129ஆம் ஒழுங்குவிதி எடைக்குப் பதில் உயரத்தை அளவாகக் கொள்கிறது. 15 மாதம் வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. குழந்தை வளர்ந்துவிட்டதென்று அவசரப்பட்டு முன்னோக்கித் திருப்பக்கூடாது. பின்னோக்கிய நிலைக்கு அந்த இருக்கை அனுமதிக்கும் எடை அல்லது உயர வரம்பை எட்டும் வரை அப்படியே வைத்திருப்பது நல்லது. கால்கள் மடங்குகின்றனவே என்ற கவலை வேண்டாம். குழந்தைகள் சம்மணமிட்டு அமரப் பழகியவர்கள்.

அடுத்துக் காரைப் பார்க்க வேண்டும். பின்னிருக்கையின் மடிப்பில் 'ஐசோஃபிக்ஸ்' எனப்படும் இரு உலோக வளையங்கள் இருந்தால், அதற்கேற்ற இருக்கையை நேரே மாட்டலாம். தவறாகப் பொருத்தும் வாய்ப்பு குறையும். வளையங்கள் இல்லாத காரில் மூன்று முனை சீட் பெல்ட்டால் பொருத்தும் இருக்கையை வாங்க வேண்டும். வாங்கும் முன் காரிலேயே வைத்துப் பார்ப்பது சிறந்தது. விபத்தில் சிக்கிய இருக்கையும், வரலாறு தெரியாத பழைய இருக்கையும் கூடாது. நெகிழியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

முறையாகப் பயன்படுத்துதல்

இருக்கை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. தவறாகப் பொருத்தப்பட்ட இருக்கை முழுப் பலனைத் தராது. கீழ்க்காணும் முறைகளை ஒவ்வொரு பயணத்திலும் கடைப்பிடிக்க வேண்டும்.

- இருக்கையைப் பின்னிருக்கையில் பொருத்த வேண்டும். இயங்கும் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக்கூடாது. விரியும் காற்றுப்பை குழந்தையின் தலைக்குப் பின்னால் அறைந்து உயிரைப் பறிக்கும்.
- பொருத்திய பின், பெல்ட் செல்லும் இடத்தைப் பிடித்து அசைக்க வேண்டும். எப்பக்கமும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது.
- பின்னோக்கிய நிலையில் தோள்பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கிய நிலையில் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும்.
- பட்டையை இறுக்கிய பின் தோளருகே அதை விரல்களால் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.
- கனத்த துணி, போர்வை, பட்டுப் பாவாடையின் அடுக்குகள் ஆகியவை பட்டைக்கும் உடலுக்கும் இடையே இருக்கக்கூடாது. விழா உடையைக் கோயிலுக்குச் சென்று மாற்றிக்கொள்ளலாம்.
- கைக்குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்து மூச்சு தடைபடாதவாறு, கையேட்டில் சொல்லப்பட்ட சாய்வில் இருக்கையை வைக்க வேண்டும். குறைமாதக் குழந்தையாயின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

படவேட்டுப் பாதையில்

கோயில் பயணத்தில் ஆபத்து மிகும் நேரம் பெரும்பாலும் திரும்பும் வேளையே. முடி இறக்கி, காது குத்திய குழந்தை வலியிலும் களைப்பிலும் அழும். ஓட்டுபவரும் களைத்திருப்பார். 'கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்கிறேன்' என்று பட்டையை அவிழ்ப்பது அப்போதுதான். செய்ய வேண்டியது வேறு. வண்டியைச் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்தி, குழந்தையை எடுத்துப் பாலூட்டி, அமைதிப்படுத்தி, மீண்டும் இருக்கையில் பிணைத்த பிறகே புறப்பட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குழந்தையை இருக்கையிலிருந்து வெளியே எடுப்பது எந்தப் பயணத்துக்கும் நல்ல பழக்கம். படவேட்டிலிருந்து போளூர் வழியாக மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்குச் செல்வோர், வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இருக்கையின் பிடிப்பை ஏறும் முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வெயிலில் நின்ற காரில் உலோகக் கொளுவி சூடேறி இருக்கும். குழந்தையை அமர்த்தும் முன் தொட்டுப் பார்க்க வேண்டும். 'இதோ வந்துவிடுவோம்' என்று தூங்கும் குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுச் செல்லவே கூடாது. மூடிய காரினுள் வெப்பம் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

எல்லாக் குடும்பங்களிடமும் கார் இல்லை. உறவினர் இருபது பேர் ஒரு வேனில் வருவதும், கணவன் மனைவி குழந்தையோடு இருசக்கர வாகனத்தில் வருவதும் இப்பாதையில் இயல்பு. வேன் பேசும்போதே இருக்கைகளில் பெல்ட் உண்டா எனக் கேட்கலாம். பெல்ட் உள்ள வரிசையைக் குழந்தைக்கும் தாய்க்கும் ஒதுக்கலாம். அங்கே பொருத்தக்கூடிய இருக்கை இருந்தால் வீட்டிலிருந்து கொண்டு செல்லலாம். தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றாமலிருப்பதும், இரவுப் பயணத்தைத் தவிர்ப்பதும் செலவில்லாத பாதுகாப்பு. கைக்குழந்தையோடு தொலைவிலிருந்து வருவோர்க்கு இருசக்கர வாகனத்தைவிடப் பேருந்தே மேல்.

முடிவுரை

குழந்தைகளுக்கான கார் இருக்கை மேல்நாட்டு ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அதன் வரலாறோ, ஒவ்வொரு நாடும் தயங்கித் தயங்கி ஏற்றுக்கொண்ட ஓர் எளிய இயற்பியல் உண்மையின் வரலாறு. வேடிக்கை பார்க்கும் பலகையாகத் தொடங்கிய அது, அறிவியலாலும் மருத்துவர்களின் விடாமுயற்சியாலும் உயிர்காக்கும் கருவியாக வளர்ந்தது. இந்தியச் சட்டமும் 2019இல் அதனை ஏற்றுவிட்டது. எஞ்சியிருப்பது வீடுகளின் பழக்கம். காது குத்தும்போது தாய்மாமன் மடி, தூங்கும்போது தூளி, காரில் செல்லும்போது பட்டையிட்ட இருக்கை என்று, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் குழந்தைக்குக் காவலாகும். பிறந்த குழந்தைக்கு வெள்ளி அரைஞாணும் தொட்டிலும் சீராகக் கொடுக்கும் நம் உறவுமுறையில், கார் உள்ள வீட்டுக்கு ஓர் இருக்கையும் சீர்வரிசையில் சேருமானால் அது பொருத்தமான புதுமையாகவே இருக்கும்.